எங்கே மாட்டப் போகிறோம்? சாகச விளையாட்டுக்கு ஆக்‌ஷன் கேமரா தேர்ந்தெடுத்தல்

ஆக்‌ஷன் கேமரா வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது எத்தனை கே?" என்பதுதான். 4கே, 5.3கே, 8கே என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண்தான் விலையையும் முடிவு செய்கிறது, வாங்குபவரின் மனத்தையும் முடிவு செய்கிறது. மாமல்லபுரத்தில் அலைச்சறுக்கு ஆடுபவர், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பைக் ஓட்டுபவர், புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் செய்பவர், இமாச்சலத்தின் பீர் பில்லிங்கில் பாராகிளைடரில் பறப்பவர் என்று எல்லாருக்கும் அந்த எண் ஒரே பயனைத் தருவதில்லை. ஒருவருக்குச் சவால் உப்புத்தண்ணீர். இன்னொருவருக்கு இன்ஜின் அதிர்வு. மற்றொருவருக்குக் குளிரில் சட்டென்று இறங்கிவிடும் பேட்டரி.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கேமராவை எங்கே மாட்டப் போகிறோம்? ஹெல்மெட்டிலா, நெஞ்சிலா, பலகையின் நுனியிலா, கைப்பிடியிலா? அந்த இடத்தில் வெளிச்சம் எப்படி, அதிர்வு எவ்வளவு, தண்ணீர் படுமா, விழுந்தால் உடம்பில் குத்துமா? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் வாங்க வேண்டிய மாடல் இரண்டு மூன்றுக்குள் வந்து நின்றுவிடும். இவற்றைக் கேட்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கிய கேமரா, எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், நான்கு முறை வெளியே போய் வந்த பின் அலமாரிக்குள் போய்விடுகிறது.

பட்டையிலிருந்து வந்த கருவி

இந்தக் கருவியின் வரலாறே மேற்சொன்ன வாதத்துக்குச் சாட்சி. நிக் உட்மன் என்ற அமெரிக்க இளைஞர் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் அலைச்சறுக்குப் பயணம் போனபோது, தண்ணீரில் இருந்தபடியே நண்பர்களைப் படம் எடுக்க ஆசைப்பட்டார். அவர் முதலில் யோசித்தது கேமராவைப் பற்றி அல்ல, அதை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டையைப் பற்றி. அந்த யோசனையிலிருந்துதான் 2002-இல் கோப்ரோ நிறுவனம் பிறந்தது. 2004-இல் அது விற்ற முதல் கேமரா 35 மி.மீ. ஃபிலிம் போட்டு எடுப்பது. 2006-இல் வந்த முதல் டிஜிட்டல் மாடல் 10 விநாடி வீடியோ மட்டுமே எடுத்தது. 2009-இல் 1080பி தரத்தில் எடுக்கும் ஹெச்.டி. ஹீரோ வந்த பிறகே சாகச விளையாட்டு வீடியோ என்ற தனி உலகம் உருவானது. 2012 அக்டோபர் 14 அன்று வான்குதிப்பு வீரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கி.மீ. உயரத்திலிருந்து குதித்தபோது அவரோடு கோப்ரோ கேமராக்களும் இறங்கின.

அந்தச் சந்தைக்குப் பலர் வந்தார்கள். சியாட்டிலின் கான்டூர் நிறுவனம் 2013-இல் கதவை மூடியது. சோனி 2012-இல் நுழைந்தது. 2016-இல் லென்ஸ் தொகுதியே அசைந்து அதிர்வைச் சமன்செய்யும் எக்ஸ்3000 என்ற நல்ல மாடலைக் கொண்டுவந்து, பிறகு விலகிக்கொண்டது. கார்மின், டாம்டாம், நிக்கான் ஆகியவையும் வந்து போயின. இன்று களத்தில் முக்கியமாக நிற்பவை மூன்று: அமெரிக்காவின் கோப்ரோ, சீனாவின் ஷென்ஜென் நகரைச் சேர்ந்த டி.ஜே.ஐ., இன்ஸ்டா360. மூன்றுமே நல்ல கேமரா செய்கின்றன. பகல் வெளிச்சத்தில் மூன்றின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், செல்போன் திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவது அரிது. வித்தியாசம் தெரியும் இடங்கள் வேறு. அவற்றைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. நல்ல செல்போன் கையில் இருக்கும்போது தனிக் கேமரா எதற்கு? பைக் ஓட்டுபவர்களுக்கு இதற்கு நேரடியான பதில் உண்டு. அதிக சக்தி கொண்ட மோட்டார்சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு நீண்ட நேரம் பட்டால் ஐபோன் கேமராவின் நிலைப்படுத்தும் பகுதி கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. ஆக்‌ஷன் கேமராக்களில் இன்று லென்ஸ் அசையாமல் பதிக்கப்பட்டிருக்கிறது. அதிர்வைக் கணக்குப்போட்டு நீக்குவது மென்பொருள்தான். அதனால் அவை அடி தாங்குகின்றன. போன் நண்பரின் கையில் கரையில் இருக்கட்டும். ஆடுபவரின் உடம்போடு போக வேண்டியது இந்தச் சின்னப் பெட்டி.

மாட்டும் இடம் என்ன காட்டும்

ஹெல்மெட்டின் உச்சியில் மாட்டினால் பார்வை உயரமாகவும் தூரமாகவும் இருக்கும். ஆனால் தலை திரும்பும்போதெல்லாம் படமும் திரும்பும்; பார்ப்பவருக்குத் தலை சுற்றும். வேகத்தின் உணர்வும் குறைந்துவிடும், ஏனென்றால் தரை வெகு கீழே போய்விடுகிறது. முகம் மூடிய ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் மாட்டினால் லென்ஸ் ஏறக்குறைய கண் மட்டத்தில் இருக்கும். கைப்பிடி, மீட்டர், வரப்போகும் வளைவு மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும். பைக் வீடியோ எடுப்பவர்கள் பலர் தாடைக்கு மாறியதன் காரணம் இதுதான்.

மலைச் சைக்கிளுக்கு நெஞ்சுப் பட்டை சிறந்தது. முன்னால் நீண்டிருக்கும் இரண்டு கைகளும் கைப்பிடியும் தெரிவதால் ஒவ்வொரு பள்ளமும் பார்ப்பவரின் கையிலும் இறங்கும். அகலக்கோண லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. அது சரிவைச் சமதரையாக்கிவிடும். நிஜத்தில் வயிற்றைக் கலக்கும் இறக்கம் வீடியோவில் சாலை மாதிரி தெரியும். கை, சக்கரம், மரம் என்று அருகில் ஏதாவது இருந்தால்தான் ஆழமும் வேகமும் தெரியும். தொலைவில் இருப்பவை எல்லாம் இந்த லென்ஸில் மிகவும் சிறுத்துவிடும். இருபது மீட்டர் தள்ளி அலை ஏறும் நண்பர், படத்தில் ஒரு புள்ளியாகத்தான் இருப்பார். அவரை எடுக்க ஆக்‌ஷன் கேமரா உதவாது. கரையிலிருந்து ஜூம் லென்ஸ் கொண்ட கேமராதான் வேண்டும்.

அலைச்சறுக்கில் பலகையின் நுனியில், ஆடுபவரைப் பார்த்தபடி கேமராவை ஒட்டுவது வழக்கம். இங்கே நம் கடற்கரையின் திசை ஒரு விஷயத்தைத் தீர்மானிக்கிறது. சென்னைக்கு அருகிலுள்ள கோவளம், மாமல்லபுரம், இலங்கையின் அறுகம்குடா எல்லாம் கிழக்குக் கரைகள். அலை கரையை நோக்கி, அதாவது மேற்கே போகிறது. நுனியிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் லென்ஸ் கிழக்கைப் பார்க்கிறது. காற்று அடங்கி அலை வழவழப்பாக இருக்கும் காலை ஆறு, ஆறரை மணிக்கு, அந்தத் திசையில்தான் சூரியன் கடலிலிருந்து எழுந்துகொண்டிருக்கும். விளைவு, ஆடுபவர் முகம் கறுத்த நிழலாகிவிடும். அதே நேரத்தில் கேமராவை வாயில் கடிக்கும் மவுண்டில் வைத்து முன்னோக்கி எடுத்தால் வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்து வரும்; அலையும் கரையும் பொன்னிறமாகத் துலங்கும். மாலையில் இது தலைகீழாகும். இந்த ஒன்றை யோசித்துவைத்தால் போதும். எதிர்வெளிச்சத்தைச் சமாளிக்கும் விலை உயர்ந்த மாடலுக்கான தேவையே சில சமயம் இல்லாமல் போகும்.

கேமராவின் எடையையும் இடம்தான் முடிவு செய்கிறது. கோப்ரோ ஹீரோ13 சுமார் 159 கிராம், டி.ஜே.ஐ. ஆக்‌ஷன் 5 ப்ரோ சுமார் 146 கிராம். நெஞ்சில் இந்த எடை தெரியாது. ஹெல்மெட்டின் பக்கவாட்டில் மாட்டி, காற்றை எதிர்த்து ஒரு மணி நேரம் ஓட்டினால் கழுத்துக்கு நன்றாகவே தெரியும். இன்ஸ்டா360-இன் கோ3எஸ் 40 கிராமுக்கும் குறைவு. தொப்பியிலும் சட்டையிலும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். பாறை ஏறுபவருக்கும் ஓட்டக்காரருக்கும் அது பெரிய வசதி. ஆனால் சின்ன உடலில் சின்ன பேட்டரிதான் இருக்கும், சின்ன சென்சார்தான் இருக்கும். மூன்று மணி நேரப் பயணத்துக்கு அது போதாது.

வெளிச்சமும் ஷட்டரும்

படம் தெளிவாக இருக்குமா என்பதைப் பிக்ஸல்களைவிட அதிகமாகத் தீர்மானிப்பது வெளிச்சம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் பைக் விநாடிக்குச் சுமார் 28 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் 60-இல் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தால், அதற்குள் பைக் 46 செ.மீ. கடந்துவிடும், அருகில் இருக்கும் சாலை கோடுகோடாக இழுபடும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி என்றால் 3 செ.மீ.தான்; ஒவ்வொரு கல்லும் தெரியும். நல்ல வெயிலில் கேமரா தானாகவே ஷட்டரைக் குறுக்கிவிடுகிறது. காட்டுப் பாதையின் நிழலிலும், விடியற்காலையிலும், மழைமேகத்தின் கீழும் அதனால் முடிவதில்லை. அப்போது ஒன்று படம் இழுபடும், அல்லது புள்ளிப்புள்ளியாக இரைச்சல் கூடும்.

சென்சாரின் அளவு பெரிதாக உதவுவது இங்கேதான். ஹீரோ வரிசையில் 2022 முதல் இருக்கும் சென்சார் 1/1.9 அங்குல வகை. டி.ஜே.ஐ. 2023-இல் ஆக்‌ஷன் 4-இல் கொண்டுவந்தது 1/1.3 அங்குலம், இன்ஸ்டா360 ஏஸ் ப்ரோவும் அதே அளவு. பரப்பில் இது ஏறத்தாழ இருமடங்கு. நீலகிரியின் சோலைக்குள் சைக்கிள் ஓட்டுபவரும், விடியலில் கடலில் இறங்குபவரும் இந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கலாம். நண்பகல் வெயிலில் படகில் போகிறவருக்கு இதனால் ஆதாயம் அதிகமில்லை.

வெயில் அதிகமானாலும் ஒரு சிக்கல் உண்டு. ஷட்டர் மிகவும் குறுகிவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாகி, அசைவு வெட்டிவெட்டிப் போவது போலத் தெரியும். விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும்போது 60-இல் ஒரு பங்கு ஷட்டர்தான் கண்ணுக்கு இயல்பு என்பது திரைப்படக்காரர்களின் பழைய கணக்கு. உச்சி வெயிலில் இந்தக் கேமராக்கள் மூவாயிரத்தில் ஒரு பங்கு வரை போய்விடும். அதைக் கீழே கொண்டுவர லென்ஸின் முன்னால் என்.டி. ஃபில்டர் மாட்டுவார்கள், கறுப்புக் கண்ணாடி என்று கடையில் கேட்டாலும் கிடைக்கும். ஒளியை 32-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி.32 வெயிலுக்குப் போதுமானது. ஆனால் பாதை கரடுமுரடாக இருந்தால் இதை மாட்டாமல் இருப்பதே நல்லது. அதன் காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் ஃபிரேம் எண்ணிக்கை தேவை. 120 ஃபிரேமில் எடுத்து 30-இல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாகும். 240-இல் எட்டு மடங்கு. ஸ்கேட்போர்டில் தாவி இறங்கும் இரண்டு விநாடி பதினாறு விநாடியாகும். உள்ளரங்கில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுவர் ஏறும் அரங்கில் 60 ஃபிரேமில் எடுத்தால் விளக்கின் துடிப்பு படத்தில் பட்டைபட்டையாக ஓடலாம். அமைப்பில் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி 25 அல்லது 50 ஃபிரேமில் எடுத்தால் சரியாகிவிடும். எந்த மாடலிலும் செலவில்லாமல் செய்யக்கூடிய திருத்தம் இது.

அதிர்வை எப்படி நீக்குகிறது

2018-இல் கோப்ரோ ஹீரோ7 பிளாக் மாடலில் ஹைப்பர்ஸ்மூத் என்ற நிலைப்படுத்தல் வந்தது. கையில் கிம்பல் என்ற நிலைப்படுத்தும் பிடி இல்லாமலே மிதப்பது போன்ற படம் வந்ததைப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். அடுத்த ஆண்டே டி.ஜே.ஐ. ராக்ஸ்டெடி என்ற தன் நிலைப்படுத்தலோடு முன்பக்கத் திரையும் சேர்த்து ஆஸ்மோ ஆக்‌ஷனைக் கொண்டுவந்தது. இவை வேலை செய்யும் முறை எளிது. கேமராவுக்குள் இருக்கும் ஜைரோ சென்சார் ஒவ்வொரு ஆட்டத்தையும் அளக்கிறது. படத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு வெட்டி, ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் அந்தச் சட்டத்தை நகர்த்துகிறது. அதனால் நிலைப்படுத்தலைக் கூட்டக் கூட்டப் பார்வைக் கோணம் குறுகும்.

இந்த முறையால் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஏற்படும் ஆட்டத்தைத்தான் நீக்க முடியும். ஒரு ஃபிரேமுக்குள்ளேயே ஷட்டர் திறந்திருந்தபோது விழுந்த இழுவையை நீக்க முடியாது. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் அசையாமல் நிற்க, உள்ளே இருக்கும் பொருள்கள் மட்டும் துடித்துத் துடித்து மங்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணம் இதுதான். என்.டி. ஃபில்டர் ஷட்டரை நீட்டுவதால் கரடுமுரடான பாதையில் அதே கோளாறு வந்துவிடும். மழமழப்பான தார்ச்சாலைக்கும் கடலுக்கும் ஃபில்டர். கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கு வெறும் லென்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்ஜினின் நுண்ணதிர்வு வேறு வகை. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. விநாடிக்குப் பல முறை துடிக்கும் கைப்பிடியில் மாட்டினால் நேர்க்கோடுகள் ஜெல்லி போல நெளியும். எந்த மென்பொருளும் இதை முழுதாகச் சரிசெய்வதில்லை. மவுண்டை மாற்றுவதுதான் வழி. நீளக் கம்பிகளும் பல மூட்டுகளும் கொண்ட மவுண்ட் அதிர்வைப் பெருக்கும்; குட்டையான, இறுக்கமான மவுண்ட் குறைக்கும். பைக்கின் மேல் மாட்டுவதைவிட ஓட்டுபவரின் உடம்பில் மாட்டுவது இன்னும் நல்லது, ஏனென்றால் நம் உடம்பே சிறந்த ஷாக் அப்சார்பர்.

360 பாகை கேமரா யாருக்கு?

முன்னும் பின்னும் இரண்டு லென்ஸ் வைத்து சுற்றிலும் உள்ள அனைத்தையும் பதிந்துகொண்டு, எந்தப் பக்கம் காட்டுவது என்பதை எடிட்டிங்கில் முடிவு செய்வது 360 கேமராவின் வழி. இரு லென்ஸுக்கும் நடுவே நீண்டிருக்கும் கம்பி படத்திலிருந்து மறைந்துவிடும். பின்னாலிருந்து யாரோ ட்ரோனில் எடுத்த மாதிரி இருக்கும். பாராகிளைடிங்குக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. பறப்பவர், மேலே விதானம், கீழே பள்ளத்தாக்கு மூன்றும் ஒரே பதிவில் கிடைக்கும். காற்றில் தொங்கிக்கொண்டு கேமராவைத் திருப்ப வேண்டியதும் இல்லை.

ஆனால் இங்கேதான் "எத்தனை கே" என்ற எண் அதிகமாக ஏமாற்றுகிறது. 2024-இல் வந்த இன்ஸ்டா360 எக்ஸ்4 எடுக்கும் 8கே என்பது முழு வட்டத்துக்கும் சேர்த்து 7,680 பிக்ஸல். அதிலிருந்து 90 பாகைக் காட்சியை வெட்டி எடுத்தால் அகலம் 1,920 பிக்ஸல்தான், அதாவது சாதாரண ஃபுல் ஹெச்.டி. ஒரே திசையைப் பார்க்கும் 4கே கேமரா 3,840 பிக்ஸல் தருகிறது. எனவே 8கே 360 கேமரா, 4கே ஆக்‌ஷன் கேமராவைவிடக் கூர்மையானது அல்ல. சுதந்திரம் கூடுதல், கூர்மை குறைவு. ஒவ்வொரு வீடியோவையும் உட்கார்ந்து திசை வைத்து வெட்ட நேரம் உள்ளவர்கள் மட்டும் இதை வாங்கலாம். லென்ஸ் இருபுறமும் குமிழாக வெளியே நிற்பதால் ஒருமுறை தரையில் உரசினாலே கீறல் விழும். 2025-இல் வந்த எக்ஸ்5-இல் லென்ஸை நாமே கழற்றி மாற்றலாம். பாறையிலும் சைக்கிளிலும் புழங்குபவர்களுக்கு அந்த ஒரு வசதியே 8கே-யைவிட மதிப்பானது.

தண்ணீர்

10 மீட்டர் வரை வாட்டர்ப்ரூஃப் என்று எழுதியிருப்பதன் பொருள், புதிய கேமரா, மூடி சரியாக மூடியிருக்கும் நிலையில், அந்த ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்பது. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் பெற்ற ஸ்கூபாக்காரருக்கு அனுமதி 18 மீட்டர் வரை. ஹீரோ வரிசை உறையில்லாமல் 10 மீட்டர், டி.ஜே.ஐ. ஆக்‌ஷன் 4 மாடல் 18 மீட்டர், ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர். ஆழமாகப் போகிறவர் எந்த மாடலை வாங்கினாலும் 60 மீட்டர் தாங்கும் உறையைச் சேர்த்தே வாங்கட்டும். உறையின் விலை கேமராவின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பழுதாவது பெரும்பாலும் ஆழத்தால் அல்ல, மூடியால். பேட்டரி மூடியின் உட்புறம் ஓடும் மெல்லிய ரப்பர் வளையத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். கோவளத்து மணலில் கேமராவைத் திறந்து கார்டு மாற்றியிருந்தால் அங்கே ஒரு மணல் பொடி நிச்சயம் ஒட்டியிருக்கும். ஒரு மணல், ஒரு தலைமுடி போதும். அந்த இடத்தில் வளையம் சரியாகப் படியாது, உப்புத்தண்ணீர் உள்ளே போகும். கடற்கரையில் மூடியைத் திறக்கவே கூடாது என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கரைக்கு வந்ததும் மூடியபடியே நல்ல தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே திறக்க வேண்டும்.

லென்ஸில் நிற்கும் நீர்த்துளி அலைச்சறுக்குக்காரர்களின் நிரந்தரத் தொல்லை. அவர்களிடம் அதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. அலைக்குப் போகும் முன் லென்ஸை நாவால் நக்கி, உடனே தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். எச்சிலின் படலத்தால் நீர் துளித்துளியாக நிற்காமல் ஒரே தகடாக வழிந்துவிடும். கேமரா தண்ணீரில் மூழ்கும் என்பதால் மிதக்கும் கைப்பிடியும், பலகையோடு பிணைக்கும் கயிறும் கட்டாயம். நீருக்குள் சில மீட்டர் போனதுமே சிவப்பு நிறம் மங்கிவிடும். சிவப்பு ஃபில்டரோ, நீருக்கேற்ற வெண்சமநிலையோ இல்லாமல் பவளமும் மீனும் எல்லாம் நீலப்பச்சையாகத்தான் இருக்கும். அருகிலிருக்கும் சின்ன உயிர்களை எடுக்க நினைப்பவர், இந்தக் கேமராக்களின் குவியம் நிலையானது என்பதை நினைவில் வைக்க வேண்டும். லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பது தெளிவாக வராது. தனி மேக்ரோ லென்ஸ் வேண்டும்.

வெயில், குளிர், கார்டு, ஒலி

நம் ஊருக்கு ஒரு தனிச் சோதனை உண்டு: வெயில். சில மாடல்களின் கையேட்டிலேயே இயங்கும் வெப்பநிலையின் மேல்வரம்பு 35 டிகிரி செல்சியஸ் என்று இருக்கிறது. சில 45 வரை சொல்கின்றன. சென்னையின் மே மாதம் 40-ஐத் தொடுவது சாதாரணம். காற்று மேலே பட்டுக்கொண்டே இருக்கும் பைக்கிலோ, தண்ணீர் படும் பலகையிலோ பெரிதாகப் பிரச்சினை வராது. நின்ற இடத்தில் ஸ்டாண்டில் வைத்து அதிகபட்ச ரெசல்யூஷனில் எடுத்தால் சூடேறி நின்றுவிடும். 5.3கே 60 ஃபிரேமுக்குப் பதிலாக 4கே 30-இல் எடுத்தால் சூடும் குறையும், பேட்டரியும் நீடிக்கும். இமயத்தில் பிரச்சினை நேர்மாறு. குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் சுருங்கிவிடும். மாற்று பேட்டரியைப் பையில் வைக்காமல் சட்டைக்கு உள்ளே உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும்.

மெமரி கார்டில் கஞ்சத்தனம் வேண்டாம். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு 750 எம்.பி., மணிக்கு 45 ஜி.பி. போகும், 128 ஜி.பி. கார்டு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்கும். கார்டின் மேல் வி30 என்ற குறி இருக்க வேண்டும். இடைவிடாமல் விநாடிக்கு 30 எம்.பி.யாவது எழுதும் என்பதற்கு அதுவே உத்தரவாதம். போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய உலவுவதால், வாங்கியதும் வீட்டிலேயே முழுக்க நிரப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வேகத்தில் கேமராவின் சொந்த மைக்கில் காற்றைத் தவிர வேறெதுவும் பதியாது. பேச்சு வேண்டுமானால் ஹெல்மெட்டுக்கு உள்ளே கன்னத்துப் பஞ்சின் பக்கத்தில் தனி மைக் வைக்க வேண்டும். அதை நேரடியாகவோ வயர்லெஸ்ஸாகவோ இணைக்கும் வசதி அந்த மாடலில் உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

விழுந்தால் என்ன ஆகும்

தேர்வில் கடைசியாக யோசிக்கப்படுவதும் முதலில் யோசிக்கப்பட வேண்டியதும் இதுதான். ஹெல்மெட்டுகள் சோதிக்கப்பட்டுத் தரச்சான்று பெறுவது மேலே எதுவும் ஒட்டாத நிலையில். அதன் மீது கெட்டியான பெட்டியைப் பொருத்தினால், விழும்போது வழுக்கிப் போக வேண்டிய ஓடு ஒரு புள்ளியில் மாட்டி நிற்கலாம், தலையைத் திருகலாம். 2013 டிசம்பரில் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் பனிச்சறுக்கில் விழுந்து தலையில் காயம்பட்டபோது அவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. காயத்துக்குக் கேமராவே காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையாளர் வானொலியில் அப்படிச் சொன்னதுமே கோப்ரோ பங்குகள் சரிந்தன. அது தன் சொந்தக் கருத்து என்று அவர் பிறகு விளக்கினார். நிரூபணம் இல்லாவிட்டாலும் கேள்வி நியாயமானது. 2022-இல் கேரள மோட்டார் வாகனத் துறை ஹெல்மெட்டில் கேமரா பொருத்தி ஓட்டுபவர்கள் மீது நடவடிக்கை என்று அறிவித்தது. பைக் பந்தயத் தடங்கள் பலவற்றில் ஹெல்மெட்டில் எதையும் ஒட்ட அனுமதியில்லை.

வானில் ஆபத்து வேறு விதம். பாராசூட்டின் கயிறு கேமராவின் விளிம்பில் மாட்டிக்கொண்டால் விளைவு உயிரிழப்பாக இருக்கலாம். அமெரிக்கப் பாராசூட் சங்கம், 200 குதிப்புகள் முடித்துப் பெறும் சி உரிமம் வந்த பிறகே கேமராவோடு குதிக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. 200 குதிப்புக்கு முன் குதிப்பவரின் கவனத்தில் கேமராவுக்கு இடமில்லை என்பதே அதன் உட்பொருள். நல்ல மவுண்ட் சாதாரண ஆட்டத்தில் இறுக்கமாக நிற்கும், பெரிய இழுப்பில் கழன்றுவிடும். தனிக் கயிறு கேமராவைத் தொலையாமல் காக்கும். ஒட்டும் மவுண்டை நன்றாகத் துடைத்த பரப்பில் ஒட்டி 24 மணி நேரம் விட்ட பிறகே நம்பலாம்.

கேமரா மனத்தின் மீது செய்யும் வேலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பதிவாகிறது என்று தெரிந்தால், எடுக்கக் கூடாத துணிச்சலையும் எடுக்கத் தோன்றும். 2017-இல் பாறை ஏறும் வீரர் அலெக்ஸ் ஹானல்ட் எல் கேப்பிட்டன் பாறையில் கயிறில்லாமல் ஏறியதைப் படமெடுத்த ஆவணப்பட இயக்குநர் ஜிம்மி சின் குழுவினர் இதைப் பெரிதும் அஞ்சினார்கள். மிகக் கடினமான பகுதியில் மனிதர்களை நிறுத்தாமல், தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களை வைத்தார்கள். ஏறுபவரின் மனத்தில் படப்பிடிப்பு நுழையக் கூடாது என்பதே அவர்களின் முதல் விதி. நம் நெடுஞ்சாலைகளில் சக்கரத்தைத் தூக்கி வீடியோ போடும் இளைஞர்களின் கதை இதற்கு நேர் எதிரானது. சாலை விளையாட்டுத் தடம் அல்ல. அங்கே ஆபத்து ஓட்டுபவரோடு நிற்பதும் இல்லை.

வாங்கும் வரிசை

எல்லாவற்றையும் தொகுத்தால் வரிசை இப்படி அமைகிறது. முதலில் மாட்டும் இடம். அது பாதுகாப்பானதா என்று பயிற்றுநரிடம் கேட்பது. இரண்டாவது வெளிச்சம், நிழலும் விடியலும் அதிகமென்றால் பெரிய சென்சார். மூன்றாவது தண்ணீர், வெப்பம், குளிர். நான்காவது எடிட்டிங்குக்கு நம்மிடம் உள்ள நேரம். ரெசல்யூஷன் இதற்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும். இன்றைய நிலையில் 4கே 60 ஃபிரேம் தரும் எந்த நல்ல மாடலும் போதும்.

அந்த வரிசைப்படி என் பரிந்துரைகள் இவை. அலைச்சறுக்குக்கும் படகுச் சவாரிக்கும், ஓராண்டு பழைய மாடலானாலும் நம்பகமான ஆக்‌ஷன் கேமராவும் மிதக்கும் கைப்பிடியும். பந்தயத் தடத்துக்கு, வண்டியின் உடற்பகுதியில் குட்டை மவுண்டும் கயிறும். சுற்று வேகத்தைத் திரையில் காட்ட விரும்பினால் ஹீரோ13 போல ஜி.பி.எஸ். உள்ள மாடல். ஸ்கூபாவுக்கு, பெரிய சென்சார், உறை, சிவப்பு ஃபில்டர், முடிந்தால் ஒரு விளக்கு. மலைச் சைக்கிளுக்கு, நெஞ்சுப் பட்டையும் பெரிய சென்சாரும். பாராகிளைடிங்குக்கு 360. பாறை ஏற்றத்துக்கு, எடை குறைந்த சின்னக் கேமரா. செங்குத்து வீடியோவே முக்கியம் என்பவர்கள், கிட்டத்தட்டச் சதுரமான சென்சார் கொண்ட மாடலைத் தேடினால் ஒரே பதிவிலிருந்து இரு வடிவமும் வெட்டலாம்.

கையில் உள்ள பணம் முழுவதையும் கேமராவில் போட்டுவிட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கையாவது மவுண்ட், இரண்டு கூடுதல் பேட்டரி, நல்ல கார்டு ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மலிவான கேமராக்கள் சில, குறைந்த ரெசல்யூஷன் படத்தை மென்பொருளால் ஊதி 4கே என்று விற்கின்றன. உண்மையான பதிவு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழையது வாங்கினால் பேட்டரி உப்பியிருக்கிறதா, மூடியின் வளையம் கிழிந்திருக்கிறதா, முன்கண்ணாடியில் கீறல் உண்டா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து உங்கள் விளையாட்டிலேயே சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. இந்த விளையாட்டுகள் இனி நமக்கு வெளிநாட்டு வேடிக்கை அல்ல. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அதில் பெயர் எடுக்கிறார்கள். அவர்களுக்குக் கேமரா வெறும் விளம்பரக் கருவி அல்ல. தங்கள் கால் வைப்பையும் திருப்பத்தையும் மறுபடி பார்த்துத் திருத்திக்கொள்ள உதவும் பயிற்சிக் கருவி அது. ஆகவே சாகச விளையாட்டு கற்றுத்தரும் ஒவ்வொரு பள்ளியும் எங்கே மாட்டுவது, எப்படிக் கட்டுவது, எப்போது மாட்டவே கூடாது என்பதைப் பாடத்தின் ஒரு பகுதியாகச் சொல்லித்தர வேண்டும். அந்தப் பாடம் கிடைத்தவர் கடையில் போய் "எத்தனை கே?" என்று கேட்கமாட்டார். தன் விளையாட்டைச் சொல்லி, மாட்டும் இடத்தைக் காட்டி, அதற்கேற்ற கருவியைக் கேட்டு வாங்குவார்.